தாயை அறியாத மகன்
(ஜமாஅத் மாணவர் பரிசளிப்பு நிகழ்ச்சியில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

பெற்ற தாயைப் பார்த்து, "இவர் என் தாயல்லர், தாயின் உருவில் வந்த வேறொருவர்" என்று மகன் கூறினால் நாம் என்ன செய்வோம்? கடிந்துகொள்வோம், இல்லையேல் மந்திரிப்பவரிடம் அழைத்துச் செல்வோம். அமெரிக்காவில் சாலை விபத்தில் தலையில் அடிபட்டு, நினைவிழந்து கிடந்து மீண்ட இளைஞர் ஒருவர் அவ்வாறே கூறினார். அவருடைய அறிவிலும் பேச்சிலும் குறையில்லை. விந்தை யாதெனில், பெற்றோர் தொலைபேசியில் பேசினால் மட்டும் உடனே அடையாளம் கண்டுகொண்டார்!

அவரை ஆராய்ந்தவர், 1951இல் தமிழ்நாட்டில் பிறந்த டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன். நம் ஊரிலிருந்து பேருந்தில் சென்று வரக்கூடிய தொலைவிலுள்ள சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். மாணவராக இருக்கும்போதே, இரு கண்களும் காண்பதை மூளை எவ்வாறு ஒன்றாக்குகிறது என்று சோதித்து, 1972இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியிட்டார். மருத்துவம் முடித்தவர் கிளினிக் வைத்துக் கொள்ளவில்லை. (நம் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்தால் நாம் விட்டுவிடுவோமா?) கேம்பிரிட்ஜ் சென்று பார்வை குறித்தே முனைவர் பட்டம் பெற்றார். பார்வையை ஆராயச் சென்றவரைப் பாசத்தின் ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் இந்த நோயாளி.

உள்ளம் நெகிழும்போது நம் கையில், நமக்கே தெரியாத அளவில் வியர்வை சுரக்கும். அதைக் கருவியால் அளக்கலாம். அந்த இளைஞரிடம் பெற்றோரின் படத்தைக் காட்டியபோது, அந்நியர் படத்திற்குரிய அளவைவிட அது கூடவில்லை. முகத்தை அறியும் பகுதி நலமாக இருந்தது; அங்கிருந்து 'அமிக்டலா' முதலிய உணர்ச்சிப் பகுதிகளுக்குச் செல்லும் வழியே அறுபட்டிருக்க வேண்டும் என்று கருதினார். முகம் தெரிகிறது, பாசம் சுரக்கவில்லை. ஆகவே இவர் தாயாக இருக்க முடியாது என மூளை முடிவு கட்டுகிறது. குரல் செல்லும் வழி வேறு, அது பழுதுபடவில்லை. வில்லியம் ஹர்ஸ்டீனுடன் இணைந்து 1997இல் இதனை வெளியிட்டார். இந்நோய் அனைத்திற்கும் இதுவே முழு விளக்கம் என்று சொல்வதற்கில்லை. எனினும் அந்தத் தாய்க்கு இது எத்தகைய ஆறுதல்! மகன் தன்னை வெறுக்கவில்லை என்றாகிறதே.

பெற்றோர்களே, இத்துறைக்கு மருத்துவ இடம் கிடைத்தால்தான் வழி என்றெண்ண வேண்டாம். பெங்களூர் நிம்ஹான்ஸ், தேசிய உயிரியல் அறிவியல் மையம் ஆகியவற்றில் அறிவியல் முதுகலை முடித்தவர்களும் மூளை ஆராய்ச்சி செய்கின்றனர். விருப்பமுள்ள மாணவர்கள் தயங்காமல் நமது கல்விக் குழுவினரைச் சந்தியுங்கள். விண்ணப்பிக்க உடனிருந்து உதவுகிறோம்.