கணக்கும் களமும்: பொருளியல் பட்டக் கல்வி குறித்த தலைமை உரை

சிங்கப்பூரின் செங்காங்கில் நடைபெறும் இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்கிறேன்.

தொடக்கக் கல்லூரியை முடிக்கும் பிள்ளை, "பட்டத்திற்குப் பொருளியல் எடுக்கட்டுமா?" என்று கேட்கிறது. "படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். தாராளமாக எடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் கணக்கையும் களத்தையும் ஒருசேரக் கற்க வேண்டும்.

நம் நாட்டு வரலாறே இதற்குச் சான்று. ராஃபிள்ஸ் கல்லூரியில் பொருளியல் பயின்ற கோ கெங் சுவீ, 1951-இல் லண்டன் பொருளியல் கல்லூரியில் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். நாடு திரும்பியதும் சமூக நலத் துறையில் பணியாற்றி, 1953-54-இல் நகர்ப்புற வருமானமும் வீட்டு வசதியும் பற்றிய ஆய்வை முன்னின்று நடத்தினார். சாமானியர் என்ன சம்பாதிக்கிறார்கள், எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்த அவர்தான் 1959-இல் நிதி அமைச்சரானார். 1960-இல், அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் சிறப்புப் பட்டம் பெற்ற எஸ். தனபாலன் நிதி அமைச்சில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, புதிதாகத் தோன்றிய பொருளியல் வளர்ச்சிக் கழகத்திற்குச் சென்றார். இருவருக்கும் பாடநூல் அறிவு நாட்டின் தேவையோடு உரசித்தான் கூர்மை பெற்றது.

இன்றைய பட்டப் படிப்பில் நுண்ணியல் பொருளியல், பேரியல் பொருளியல், புள்ளியியல், பொருளியல் அளவையியல் எனக் கணிதம் நிறைந்திருக்கிறது. அதைக் குறைக்கச் சொல்லி நான் வாதாட வரவில்லை. கணிதம் இல்லாமல் ஒரு கொள்கையின் விளைவை அளக்க முடியாது. ஆனால் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்த மாணவருக்கு, அது எந்த மனிதர்களைப் பற்றியது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மனிதர்களை நேரில் காண, இங்கிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால், ரயில் மாறாமலே லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடைகளைப் பாருங்கள். வெளிநாட்டு ஊழியர் ஒருவர் ரூபாய் விலைப் பலகையைப் பார்க்கிறார்; பக்கத்துக் கடையிலும் விசாரிக்கிறார்; பிறகு அனுப்பும் கட்டணத்தைக் கேட்கிறார். கட்டணம் 5 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 1,000 வெள்ளி அனுப்புபவருக்கு அது அரை விழுக்காடு. 100 வெள்ளி அனுப்புபவருக்கோ 5 விழுக்காடு. நிலைக் கட்டணம் சிறிய தொகை அனுப்புவோரையே அதிகம் அழுத்துகிறது என்ற பாடம் அங்கே கண்முன் நிற்கிறது.

அந்த விலைப் பலகை இன்னொரு பாடமும் சொல்லும். பாடநூல்கள் பலவும் மத்திய வங்கி வட்டி விகிதத்தை மாற்றிப் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துவதாகவே விளக்குகின்றன. நம் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையமோ 1981 முதல் நாணய மாற்று விகிதத்தையே கருவியாகக் கொண்டுள்ளது. பல நாணயங்கள் அடங்கிய தொகுப்புக்கு எதிராக வெள்ளியின் மதிப்பை அது நிர்வகிக்கிறது. உண்ணும் அரிசி முதல் பெரும்பாலானவற்றை இறக்குமதி செய்யும் நாட்டில், வெள்ளியின் மதிப்பு ஒவ்வொரு வீட்டுச் செலவையும் தொடுகிறது. வேற்று நாட்டுப் பாடநூலை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது புரியாது.

தமிழ் அறிந்த மாணவருக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் வட்டித் தொழில் நடத்திய செட்டியார்கள் கொடுத்து வாங்கிய கடன் முறை, கடன் வாங்குபவரின் நம்பகத்தன்மையை எப்படி மதிப்பிடுவது என்ற பெரிய கேள்விக்கு அவர்கள் கண்ட விடை. அவர்களின் பற்றுவரவு ஏடுகளைத் தமிழிலேயே படித்து ஆராயக்கூடியவர்கள் நம் பிள்ளைகள்.

ஆகவே இக்கருத்தரங்கின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சந்தையை நேரில் ஆராய்ந்து எழுதட்டும். கண்டதைத் தம் பெற்றோருக்கு விளங்கும்படி தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். இத்துறையிலுள்ள வேலை வாய்ப்புகளையும் கணிதத்தின் கடினத்தையும் ஆசிரியர்கள் பெற்றோரிடம் ஒளிவுமறைவின்றி எடுத்துச் சொல்லட்டும்.

இவற்றை விவாதித்து, வேண்டிய இடத்தில் திருத்தி, நடைமுறைக்கு உகந்த தீர்மானங்களாக்கித் தாருங்கள் என்று கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.