கடல்நீர்த் தொட்டியில் களைப்பாசி

கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவள உயிர்களை வளர்ப்போரைப் பாசி விடுவதில்லை. அதைக் கண்டவுடன் மருந்து தேடி ஓடுகிறார்கள். வந்திருப்பது இன்னதென்று முதலில் அறிய வேண்டும் என்பதே என் கட்சி.

புதுத் தொட்டியின் மணலில் பழுப்பு மாவு தூவியதுபோல் படிவது டயாட்டம். நீரிலுள்ள சிலிக்கேட்டு குறைந்ததும் பெரும்பாலும் தானே மறையும். செம்பட்டு விரித்தாற்போல் மணலை மூடி, ஏடு ஏடாகப் பெயர்ந்து வருவது பாசியே அன்று. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர். பாறையில் பச்சை மயிராக நீளுவதற்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உரம். மீனுக்கு இடும் இரையைக் குறைத்து, கையால் பிடுங்கி, டர்போ நத்தைகளை மேயவிட்டால் அது அடங்கும்.

குமிழிகள் கோத்த பழுப்புச் சளியாய்த் தொங்குவது டைனோபிளாஜெல்லேட்டு. கருத்துடையவர்களே இதனிடம் ஏமாறுகிறார்கள். நீரை மேலும் மேலும் தூய்மை செய்கிறார்கள். அதுவோ, அவ்விரண்டு உரங்களும் அற்றுப்போன நீரிலேதான் பல சமயம் தழைக்கிறது! அதில் சில இனங்கள் நஞ்சுடையவை. மேய்ந்த நத்தைகள் மடியும், பவளமும் நலியும். இங்கே உரத்தைச் சற்றுக் கூட்டவே வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பிரம்பு என்ற பழைய வாத்தியார் முறை செல்லாது.

ஐயமிருப்பின் அச்சளியைச் சிறிது நீருடன் புட்டியிலிட்டு நன்றாகக் குலுக்கி, மெல்லிய தாளில் வடிகட்டுங்கள். வடிந்த நீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். கலைந்தவை மீண்டும் கூடி நூல் நூலாகத் திரண்டால், அது டைனோபிளாஜெல்லேட்டு என்றே கொள்ளலாம். நுண்ணோக்கி உடையவர்கள் அதன் கீழும் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.