பல் நலமும் பொது நலமும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

   

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. பள்ளிவாசலின் வரவு செலவும் மதரஸாவின் தேவைகளும் பேசப்படும் இச்சபையில், பல்லைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். தம் உம்மத்தினருக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகையின் போதும் மிஸ்வாக் செய்யக் கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை நாம் அறிவோம். எனவே வாய்த் தூய்மை நமக்குப் புதிய செய்தி அன்று. அந்த மிஸ்வாக் தரும் உகாய் மரம் நமது நாகை மாவட்டத்துக் கோடியக்கரைக் காட்டிலேயே வளர்ந்து நிற்கிறது.

ஆயினும் பல் மருத்துவம் நம் நாட்டில் முறையான கல்வியாக வளர்ந்தது சென்ற நூற்றாண்டில்தான். அதற்கு வித்திட்டவர் டாக்டர் ரபியுத்தீன் அகமது. 1890-இல் கிழக்கு வங்காளத்தில் பிறந்த அப்பெருமகனார், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரில் ஏழைக் குழந்தைகளுக்கென நிறுவப்பட்ட ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் பணியாற்றிய பின் தாயகம் திரும்பினார். 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்கான பொருளை, சோடாக் கடை ஒன்றை நடத்தி அதன் வருவாயிலிருந்து தேடினார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. பின்னர் 1949-இல் கல்லூரியை அரசுக்கே ஒப்படைத்துவிட்டார். 1964-இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவர் பிறந்த டிசம்பர் 24-ஆம் நாள் இன்று தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1948-இல் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது. 1953-இல் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. நம் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டைக்கு அத்தகைய அரசுக் கல்லூரி 2023-இல்தான் வந்தது. வலி வந்தபின் பல்லைப் பிடுங்குவதே வைத்தியம் என்ற நிலைமை நம் கிராமங்களில் நெடுங்காலம் நீடித்ததில் வியப்பில்லை.

ஒருவரின் பல்லுக்கு வைத்தியம் செய்வது பல் மருத்துவம். ஓர் ஊரின் பற்கள் கெடாமல் காப்பது பொதுப் பல் நலம். இரண்டாவதன் வரலாற்றில் குடிநீருக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் மக்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதை 1901-இல் மெக்கே என்ற மருத்துவர் கண்டார். கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. குடிநீரில் உள்ள ஃபுளோரைடு மிகுதியே கறைக்குக் காரணம் என்பது 1931-இல் தெளிவாயிற்று. அளவாக இருந்தால் சொத்தையைத் தடுக்கும். அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள் நிலத்தடி நீரால் இவ்வாறே துன்புற்றனர். அவர்களுக்கு மாற்றாக ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீர் வழங்கும் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. நம் வயல்களை வாழவைக்கும் காவிரி, அங்கே பிள்ளைகளின் பற்களையும் காக்கிறது.

இத்துறையின் குறிக்கோள்களும் காலந்தோறும் வளர்ந்தன. 2000-ஆம் ஆண்டுக்குள் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளில் பாதிப்பேரேனும் சொத்தையின்றி இருக்க வேண்டும் என்பது 1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலக்கு. நம் நாட்டில் 2002-03-இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பிலோ, அவ்வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சொத்தை இருந்தது. 2014-இல் தேசிய வாய் நலத் திட்டம் தொடங்கப்பட்டது. உலகில் சுமார் 350 கோடி மக்கள் வாய் நோயால் துன்புறுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

ஜமாஅத்தார்களே! இனி நம் வீட்டுக்கு வருவோம். குறுவை அறுப்பு முடியட்டும் என்று வயல் வேலை செய்வோர் பல்வலியைத் தள்ளிப் போடுகின்றனர். சபுர் சென்ற கணவர் வரட்டும் என்று பெண்கள் வாய்ப்புண்ணை மறைத்துக் கொள்கின்றனர். மறைக்கத் தகாத புண்ணும் உண்டு. புகையிலையும் பாக்கும் மெல்லுவோருக்கு வாயில் வெண்படலம் தோன்றலாம். வாய் திறப்பது குறையலாம். அதுவே புற்றுநோயாக முற்றலாம். தொடக்கத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தக் கூடிய நோய் இது. தாமதத்துக்குத் தரும் விலை தாடையாகவும் இருக்கலாம், உயிராகவும் இருக்கலாம்.

கும்பகோணம் கொழுந்து வெற்றிலைக்குப் பேர் போன பகுதி நம்முடையது. கொடிக்கால் வைத்துப் பிழைப்போரும் நம்மிடையே உண்டு. அவர்கள் மீது குறை கூறுவது நம் நோக்கமன்று. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலையை மட்டுமின்றிப் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் வெளியிட்ட நூலில் அறிவித்துள்ளது. புகையிலை சேர்க்காமல் பாக்கு மட்டும் போட்டால் தீங்கில்லை என்று நம் பெரியவர்கள் கொண்டிருக்கும் எண்ணம் சரியன்று. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழக அரசு 2013-இல் தடை விதித்தது. ஆனால் நம் நிக்காஹ் தட்டுகளை அரசு வந்து திருத்த இயலாது. அது நம் கையில் உள்ளது.

ஆகவே ஜமாஅத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள்கள் இவை:

1. நம் மஹல்லாவில் நடைபெறும் திருமணங்களில் புகையிலை, பான் மசாலா, வாசனைப் பாக்கு ஆகியவற்றை வைப்பதில்லை எனத் தீர்மானம் இயற்ற வேண்டும்.

2. மதரஸாப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொரு முறை பல் பரிசோதனை நடத்த வேண்டும். பெண்களுக்குப் பெண் மருத்துவரைக் கொண்டு தனி முகாம் வேண்டும்.

3. இரண்டு வாரம் ஆறாத வாய்ப்புண் எவருக்கு இருப்பினும், உடனே தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பல் மருத்துவரிடமோ செல்ல வேண்டும். உடன் செல்ல ஆளில்லாத தாய்மார்களுக்கு ஜமாஅத் துணை ஏற்பாடு செய்ய வேண்டும்.

4. ஃபுளோரைடு கலந்த பற்பசையால் காலையும் இரவும் பல் துலக்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். சிறு குழந்தைக்கு மிகச் சிறிதளவே போதும். ரமளானில் ஸஹர் உணவுக்குப் பின் பல் துலக்கிவிட்டு நிய்யத்து வைக்கலாம். நோன்பு நேரத்து மிஸ்வாக் பற்றிய மத்ஹபு விளக்கங்களை ஆலிம்களிடம் கேட்டறிக.

நீரிழிவு உள்ளோர் ஈறு நோயை அலட்சியம் செய்தல் கூடாது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும்.

உடல் நலம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவதில் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஜமாஅத்தாக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.