‘டாக்குமென்ட் (1)’ யாருடைய சான்றிதழ்?

ஒரு நிமிஷம் உங்க போனை எடுத்து ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து பாருங்க. ‘டாக்குமென்ட்’, ‘டாக்குமென்ட் (1)’, ‘டாக்குமென்ட் (2)’, அதுக்குக் கீழே வெறும் எண்ணாலேயே ஒரு நீளமான பேர். இதில் உங்க வருமானச் சான்றிதழ் எதுன்னு திறக்காமல் சொல்ல முடியுமா?

எங்க தெருவில் ஒரு அக்காவால் சொல்ல முடியல. மகளுடைய கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அன்னைக்குத்தான் கடைசி நாள். இந்த வருஷத்துச் சான்றிதழை மத்தியானமே டவுன்லோடு பண்ணிட்டாங்க. ஆனா போன வருஷத்து ஃபைல் அதே பேரில் ஏற்கெனவே இருந்ததால், போன் புதுசுக்கு ‘(1)’ சேர்த்துடுச்சு. ‘(1)’ போட்டது ஏதோ நகல்னு நினைச்சு, அக்கா பழசை ஏத்திட்டாங்க. விண்ணப்பம் திரும்பி வந்துடுச்சு. திருத்த ஒரு வாரம் அவகாசம் கிடைச்சதால் தப்பிச்சாங்க.

தப்பு அக்காவுடையது இல்லை. நீங்க டவுன்லோடு பட்டனைத் தொட்டதும், ஃபைலோடு சேர்த்து அதன் பேரையும் சர்வர்தான் சொல்லணும். அது சொல்லலைன்னா, இணைய முகவரியின் கடைசித் துண்டையே போன் பேராக வெச்சுக்கும். ஒரே பக்கத்திலிருந்து இறங்கும் எல்லாச் சான்றிதழும் ஒரே பேரில் வர்றது இதனால்தான்.

தமிழ்ப் பேருக்கு வேற தொல்லை. சில ஆப்களில் ‘வருமானம்’னு வரவேண்டியது, சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசையாக வரும். பயப்படாதீங்க, வைரஸ் இல்லை. தமிழில் ‘க’ என்ற ஒரே எழுத்துக்கு மூணு பைட், ‘கி’க்கு ஆறு. இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியோடு மூணு குறியாக மாறும். அதைத் திரும்ப எழுத்தாக்க ஆப் மறந்துடுது, அவ்வளவுதான். உள்ளே ஃபைல் நல்லாத்தான் இருக்கும்.

சரி, எப்படி மாத்துறது? போனில் இருக்கும் ‘ஃபைல்ஸ்’ ஆப்பில் அந்த ஃபைலை அழுத்திப் பிடிங்க, ‘ரீநேம்’ வரும். யாருடையது, என்ன, எந்த வருஷம்னு மூணும் தெரியணும். ‘கவிதா_வருமானம்_2025’ மாதிரி. ஆனா இதை ஆங்கில எழுத்தில் அடிங்க. தமிழ் எழுத்து, இடைவெளி, அடைப்புக்குறி இருந்தால் சில இணையப் படிவங்கள் ஏத்துக்காது. ஆதார் எண்ணையும் பாஸ்வேர்டையும் தயவுசெய்து பேரில் எழுதாதீங்க.

‘பேரை மாத்தினா சான்றிதழ் செல்லாமப் போயிடுமா?’ன்னு நிறைய பேர் கேட்கிறாங்க. போகாது. மின் கையொப்பம் ஃபைலின் உள்ளடக்கத்துக்குத்தான். வெளியே இருக்கும் பேருக்கு இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாத்தான் கையொப்பம் போயிடும்.

பேரின் கடைசியில், புள்ளிக்குப் பிறகு வரும் மூணு நாலு எழுத்தை மட்டும் கவனமா பாருங்க. ‘பின்’னு முடிஞ்சு ஃபைல் திறக்கலையா? அது என்ன வகைன்னு சர்வர் சொல்லாமல் விட்டிருக்கும். பி.டி.எஃப்னு மாத்திப் பாருங்க, பெரும்பாலும் திறந்துடும். ‘ஹெச்.டி.எம்.எல்’னு முடிஞ்சு, அளவும் சில கே.பி. மட்டும் இருந்தால், வந்தது சான்றிதழே இல்லை. நேரமாகி லாகின் காலாவதியானதால் லாகின் பக்கமே இறங்கியிருக்கும். எத்தனை தடவை பேர் மாத்தினாலும் பிரயோஜனமில்லை. திரும்ப லாகின் பண்ணி எடுக்கணும்.

‘ஏ.பி.கே.’ன்னு முடிஞ்சா மட்டும் தொடவே தொடாதீங்க. அது ஆவணமில்லை, போனில் நிறுவப்படும் ஆப். போக்குவரத்து அபராதச் சலான், கல்யாணப் பத்திரிகைன்னு பேர் வெச்சு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பி, வங்கிக் கணக்கைக் காலி பண்றாங்க. சலான் இருக்கான்னு பார்க்க ‘பரிவாஹன்’ தளத்துக்கு நீங்களே போங்க. தெரியாமல் நிறுவிட்டீங்கன்னா, உடனே நெட்டை அணைச்சுட்டு, வேற போனிலிருந்து 1930-ஐக் கூப்பிடுங்க. பணம் போயிருந்தால் வங்கிக்கும் அப்பவே சொல்லிடுங்க.

அக்கா இப்போ எந்த ஃபைலா இருந்தாலும் ஒருமுறை திறந்து, பேரையும் தேதியையும் பார்த்துட்டுத்தான் ஏத்துறாங்க. போன வருஷத்துச் சான்றிதழை அன்னைக்கே தனி ஃபோல்டருக்கு மாத்திட்டாங்க.