மாரியும் கோடையும் மலைச் சைக்கிளும்

(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



சித்திர வேலாயுதப் பெருமானுக்கு மயில் வாகனம். நமக்கு வாய்த்தது சைக்கிள். அதிலும் இன்று நம் இளைஞர் பெரிதும் விரும்புவது பருத்த ரயர் பூட்டிய மலைச் சைக்கிள். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமல்பைஸ் மலைச்சாரலில் பிறந்தது இது. 1976இல் அங்கே தொடங்கிய இறக்கப் பந்தயத்துக்கு ‘ரீபாக்’ என்று பெயர். ஒரே இறக்கத்தில் பின்சில்லுக் குடத்தின் கிரீஸ் சூட்டினால் எரிந்துவிடும். மீண்டும் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் மலைச் சைக்கிள் ஓட்டம் இடம்பெற்றது.

திருக்கோவிலில் மலை ஏது என்பீர்கள். மலை இல்லை; ஆனால் நெய்தலும் மருதமும் முல்லையும் உண்டு. கடற்கரையில் மணல், வயலில் களி, சாகாமம் பக்கம் கிரவல் வீதி. ஒரு காலைப் பொழுதிலேயே மூன்றையும் கடக்கலாம்.

ஈரம் ஆபத்து, உலர்வு நலம் என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. கடல் மணலைப் பாருங்கள். அலை நனைத்த மணல் சில்லைத் தாங்கும். காய்ந்த மணல் விழுங்கும். களியோ நேர்மாறு: காய்ந்தால் கல், நனைந்தால் வழுக்கல். கிரவல் சற்று ஈரமானால் இறுகி நிற்கும். கச்சான் வீசும் கோடையில் பருக்கைக் கற்கள் கிளம்பி உருளும். ஆகவே வானத்தை மட்டுமன்று, நிலத்தையும் படித்தே சைக்கிள் ஓட வேண்டும்.

உலர்மணலில் ரயர்க் காற்றைச் சிறிது குறையுங்கள். ரயர் பரந்து பதியும். உடலைச் சற்றுப் பின்னே வைத்து, இலேசான கியரில் விடாது மிதியுங்கள். ஹாண்டிலை வெடுக்கென்று திருப்பினால் முன்சில்லு புதையும். மணல் கழிந்ததும் காற்றடிக்க மறவாதீர்கள். உருளும் கிரவலில் வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள்; வளைவுக்குள் பிரேக்கை இறுக்காதீர்கள். பின்சில்லு சறுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்சில்லு சறுக்கினால் விழுவதே வழக்கம்.

இனி மாரி. நெடுநாள் வெயிலுக்குப் பின் விழும் முதல் மழையில் தார் வீதி மிகவும் வழுக்கும். படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு குழம்புவதே காரணம். வீதியில் தீட்டிய வெள்ளைக்கோடு, இரும்புத் தகடு, நனைந்த இலை ஆகியவற்றின்மேல் சாயாமலும் பிரேக் பிடிக்காமலும் நேராகச் செல்லுங்கள். இரும்பு விளிம்பைக் கவ்வும் பழைய பிரேக், நனைந்தால் பெரிதும் வலுவிழக்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே மெல்லப் பிடித்து நீரைத் துடைத்து, பின்னர் இரண்டு பிரேக்கையும் படிப்படியாக அழுத்துங்கள். வெள்ளம் மூடிய வீதியில் இறங்காதீர்கள். நீருக்கடியில் குழியுமிருக்கும், மதகு உடைந்துமிருக்கும். வீடு சேர்ந்ததும் சேறு கழுவி, சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்றில் துரு விரைந்து ஏறும்.

நிற்க. இது வெறும் விளையாட்டுப் பேச்சன்று. அக்கரைப்பற்று–பொத்துவில் பெருவீதியில் பஸ்ஸும் லொறியும் விரைகின்றன. அதே வீதியோரம் அண்ணன் மிதிக்க, கரியரில் தங்கை புத்தகப் பையுடன் அமர்ந்து பள்ளிக்கூடம் போகிறாள். பாரம் கூடினால் சைக்கிள் நிற்கும் தூரமும் கூடும். மழையில் இன்னும் கூடும். அந்தச் சில முழத்தில்தான் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கிறது.

ஆதலால் ஒரு வேண்டுகோள். ஐப்பசி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மன்றத்து மூத்த தம்பியர் ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிள்களைக் கூட்டி, தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றிக் கொடுங்கள்; வெறுந்திடலில் நீர் ஊற்றி, பிரேக் பிடிக்கப் பழக்குங்கள். ஆலயத் தொண்டு செய்த கைகளுக்கு இதுவும் தொண்டே.