முறைப்பாடு செய்வது பகையல்ல



ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் குரொய்டனிலும் நம்மவர்கள் குடியேறி ஒரு தலைமுறை தாண்டிவிட்டது. மாதம் தவறாமல் கவுன்சில் டாக்ஸ் கட்டுகிறோம். தேர்தல் வந்தால் வாக்குப் போடுகிறோம். நம்மிலிருந்தே கவுன்சிலர்களும் வந்துவிட்டார்கள். ஆனால் கவுன்சில் ஒரு பிழை விட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டோம். "ஏன் வீண் சோலி? அவங்களோட கொழுவினால் நாளைக்கு வேற பிரச்சினை வரும்" என்று சொல்லிச் சகித்துக்கொண்டு இருந்துவிடுகிறோம். அந்தத் தயக்கத்தை உடைக்கத்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

இங்கிலாந்தில் கவுன்சில்களின் பிழைகளை விசாரிப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன். அவர் கவுன்சிலின் ஆள் அல்ல. அவரிடம் போக ஒரு பென்ஸ் செலவில்லை, வக்கீலும் தேவையில்லை.

இந்த உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை, சபையோரே. 1967-ல் பிரித்தானியாவுக்கு முதல் ஒம்புட்ஸ்மன் வந்தபோது, அவர் மத்திய அரசின் திணைக்களங்களைத்தான் விசாரிக்கலாம் என்றார்கள். குப்பை, வீதி, முதியோர் பராமரிப்பு என்று நம் வாசலில் நிற்கிற விஷயங்களெல்லாம் கவுன்சிலின் கையில். அவற்றுக்கு 1974-ல்தான் சட்டம் வந்தது. அப்போதுகூட முறைப்பாட்டை ஒரு கவுன்சிலர் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்று விதி வைத்தார்கள். எந்தச் சபையின் மேல் குறையோ, அந்தச் சபையின் உறுப்பினரிடமே போய் நிற்க வேண்டும்! 1988-ல்தான் மக்கள் நேரே போக வழி பிறந்தது. இலங்கையிலும் இதே கதைதான். அங்கே 1981-ல் ஒம்புட்ஸ்மன் சட்டம் வந்தது, ஆனால் மனு பாராளுமன்றத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. 1994-ல் திருத்தம் வந்த பிறகே நேரே எழுத முடிந்தது. இவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த உரிமையைப் பாவிக்காமல் விடுவது நியாயமா?

சரி, எப்படிப் பாவிப்பது? மூட்டு வலியோடு தனியாக இருக்கிற ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். குப்பைத் தொட்டியை வீதி ஓரத்துக்கு இழுத்துவர அவரால் முடியாது. இப்படிப்பட்டவர்கள் கவுன்சிலில் பதிந்துகொண்டால் ஊழியர்களே வீட்டு வாசலுக்கு வந்து தொட்டியை எடுத்துப்போய், வெறுமையாக்கித் திரும்பவும் கொண்டுவந்து வைக்க வேண்டும். அம்மாவும் பதிந்துவிட்டார். ஒரு கிழமை வருகிறார்கள், அடுத்த கிழமை விட்டுவிடுகிறார்கள். மகள் ஃபோன் எடுக்கிறாள். "சொறி, குறித்துக்கொண்டோம்" என்கிறார்கள். அடுத்த முறையும் அதே கதை. எத்தனை தடவை ஃபோன் எடுத்தாலும், பல சமயம் அது வெறும் சேவை வேண்டுகோளாகவே பதியப்படும். ஆகவே முதல் வரியிலேயே "இது என் முறைப்பாடு" என்று எழுதுங்கள்.

எழுதும்போது கோபத்தைக் கொட்டாதீர்கள், திகதிகளைக் கொட்டுங்கள். இன்ன திகதி எடுக்கவில்லை. இன்ன திகதி ஃபோன் எடுத்தோம். அவர்கள் தந்த இலக்கம் இது. தொட்டி நிரம்பி வழிந்த படம் இது. இதனால் அம்மாவுக்கு வந்த கஷ்டம் இது. நாங்கள் கேட்கிற பரிகாரம் இது. இதில் கடைசி இரண்டையும்தான் நம்மவர்கள் எழுத மறந்துவிடுகிறார்கள். கவுன்சில் பிழை விட்டதா, அந்தப் பிழையால் உங்களுக்கு அநியாயம் நடந்ததா என்று ஒம்புட்ஸ்மன் இரண்டையும் சேர்த்தே பார்ப்பார். கஷ்டத்தை எழுதாமல் விட்டால் பாதி வழக்கு போய்விடும்.

முதலில் கவுன்சிலுக்குத்தான் எழுத வேண்டும். தன் பிழையைத் தானே திருத்த அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான் வேண்டும். முறைப்பாடு கிடைத்ததை 5 வேலை நாட்களுக்குள் உறுதிசெய்து, அதிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் முதல் பதில் தர வேண்டும் என்று 2024-ல் ஒம்புட்ஸ்மன் வெளியிட்ட நடைமுறைக் கோவை சொல்கிறது. அந்தப் பதில் திருப்தி இல்லையென்றால் இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுபோங்கள். அதற்கு 20 வேலை நாட்கள். அதுவும் சரிவரவில்லையா? அடுத்தது ஒம்புட்ஸ்மன்தான். ஆனால் ஒன்று, பிரச்சினை உங்களுக்குத் தெரியவந்து 12 மாதத்துக்குள் அவரிடம் போய்விட வேண்டும். "பாப்பம், பாப்பம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் அவரிடம் போக முடியாது. பார்க்கிங் டிக்கெட்டை எதிர்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர்கள் கூரை ஒழுகுகிறது, பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று முறையிட வீடமைப்பு ஒம்புட்ஸ்மன் என்று வேறொருவர். ஆனால் வீடில்லாமல் உதவி கேட்டு வந்த குடும்பத்தைக் கவுன்சில் அலைக்கழித்தால் நம் உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். விசேட கல்வித் தேவையுள்ள பிள்ளைக்கு 20 கிழமைக்குள் முடிக்க வேண்டிய திட்டத்தை இழுத்தடித்தாலும் இவரிடம் போகலாம். பெற்றோர்களே, இந்தக் கடைசி விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிள்ளை இழந்த பாடசாலை நாளை யாராலும் திருப்பித் தர முடியாது.

ஒம்புட்ஸ்மன் விசாரணை எடுத்தால் கவுன்சிலின் பதிவேடுகளை வரவழைப்பார். ஆவணங்களைக் கேட்பதிலும் சாட்சிகளை அழைப்பதிலும் அவருக்கு உயர்நீதிமன்றத்துக்கு ஒப்பான அதிகாரம் உண்டு. "குப்பை எடுப்பது தனியார் கம்பனி, நாங்கள் என்ன செய்வது?" என்று கவுன்சில் தப்பிக்க முடியாது. வேலையைக் குத்தகைக்குக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. தீர்ப்பை முதலில் வரைவாக எழுதி இரு தரப்புக்கும் அனுப்புவார். நீங்களும் அதற்குப் பதில் சொல்லலாம். 2023-24-ல் விரிவாக விசாரித்த முறைப்பாடுகளில் நூற்றுக்கு 80-ல் கவுன்சிலின் பக்கம் பிழை கண்டார்கள். நம் மக்கள் நினைப்பதுபோல இது வீண் முயற்சி அல்ல.

கிடைப்பது என்ன? பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். மன்னிப்புக் கடிதம், ஓரளவு பணம், தடைப்பட்ட சேவை, பிழையான முடிவை மீண்டும் பரிசீலித்தல், இவைதான். ஆனால் அதோடு நிற்பதில்லை. இதே பிழையால் வேறு யாராவது பாதிக்கப்பட்டார்களா, நடைமுறையை மாற்ற வேண்டுமா என்றும் பார்ப்பார். எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு அம்மாவின் குப்பைத் தொட்டிக்காக எழுதிய கடிதம், அந்தப் பகுதியில் முகம் தெரியாத எத்தனையோ முதியவர்களின் வாசலுக்கும் ஊழியர்களை ஒழுங்காக வரவைக்கும்.

"அவர் சொல்வது வெறும் பரிந்துரைதானே, கவுன்சில் கேட்காவிட்டால்?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மை, அது நீதிமன்றக் கட்டளை அல்ல. ஆனால் அவர் பகிரங்க அறிக்கை வெளியிட்டால் கவுன்சில் அதைப் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று பதில் சொல்லவும் வேண்டும். ஊரறிய நிற்பதை எந்தச் சபையும் விரும்புவதில்லை. அதனால்தான் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பரிந்துரைகள் நிறைவேறுகின்றன.

ஷெஃபீல்ட் நகரைப் பாருங்கள். 2012-ல் தொடங்கிய வீதி திருத்தும் ஒப்பந்தத்தின் கீழ் ஆயிரக்கணக்கான வீதியோர மரங்கள் வெட்டப்பட்டன. மரத்தை வெட்டாமலே நடைபாதையைச் சரிசெய்யும் வழிகள் என்று கவுன்சில் ஒரு பட்டியலை வெளியிட்டிருந்தது. அந்தப் பட்டியல் மக்களைத் தவறாக நம்பவைத்தது என்று 2020-ல் ஒம்புட்ஸ்மன் எழுதினார். பிறகு 2023-ல் தனி விசாரணை அறிக்கையும் வந்தது. கவுன்சில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. வெட்டிய மரங்கள் திரும்பி வரவில்லை. ஆனால் மக்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பது எழுத்தில் பதிந்துவிட்டது.

அன்பான பெரியவர்களே, முறைப்பாடு செய்வதால் விசாவுக்குப் பிரச்சினை வராது. அது உள்துறையின் விஷயம், ஒம்புட்ஸ்மனுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தீர்ப்பை வெளியிடும்போது உங்கள் பெயரைப் போடவும் மாட்டார்கள். ஆங்கிலம் தடையென்றால் உங்கள் சம்மதத்தோடு பிள்ளையோ, அயலவரோ உங்களுக்காக எழுதலாம்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீதியில் ஏதாவது ஒரு வீட்டில் கவுன்சிலின் கடிதத்தை வாசித்து விளங்காமல் ஒரு ஐயா மேசையில் மடித்து வைத்திருப்பார். அவரோடு ஒரு மணித்தியாலம் இருந்து, நடந்ததைக் கேட்டு, திகதி வாரியாக எழுதிக்கொடுங்கள். இந்த நாட்டில் நாம் கட்டுகிற வரிக்கும் போடுகிற வாக்குக்கும் சமமான பங்களிப்பு அது. கவுன்சில் நம்முடையது. நம்முடையதில் பிழை கண்டால் சுட்டிக்காட்டித் திருத்துவது நம் கடமை. அந்தக் கடமையைச் செய்யும்படி உங்கள் எல்லோரையும் கேட்டு அமர்கிறேன்.