முதற்பனியும் கொரியத் தலைநகரும்

பனி என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. ஆறு பருவங்களுள் இரண்டு அதன் பெயராலேயே முன்பனி, பின்பனி என வழங்குகின்றன. ஆயினும் அது புல்நுனியில் தங்கும் பனித்துளி. பஞ்சுபோல் இறங்கி ஊரையே மூடும் பனியை 'வெண்பனி' என அடைகொடுத்தே சொல்லவேண்டியுள்ளது. கொரிய மொழியில் அதற்கு 'நுன்' என்று பெயர். கண்ணுக்கும் அம்மொழியில் 'நுன்' என்பதே சொல். உயிரொலியின் நீட்சி ஒன்றே மரபான ஒலிப்பில் இரண்டையும் பிரிக்கின்றது.

அந்நாட்டார் முதற்பனியைத் தனித்து நுகர்வதில்லை; பிறருக்கு அனுப்பி மகிழ்ந்தனர். ஜோசொன் அரச மரபின் ஆவணம் 1418ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைக் குறிக்கின்றது. முதற்பனியைப் பொதிந்து அனுப்புவது கொரியோ காலத்து வழக்கம். அறியாது பெற்றவர் விருந்து வைக்கவேண்டும். முன்னரே அறிந்து தூதனைப் பிடித்துவிட்டால் அனுப்பியவர் விருந்து வைக்கவேண்டும். அரியணையை மகன் செஜோங்கிடம் ஒப்படைத்திருந்த தேஜோங், பனியை மருந்து என்று சொல்லித் தம் தமையன் ஜொங்ஜொங்கிற்கு அனுப்பினார். சூழ்ச்சியை உணர்ந்த தமையன் ஆள்விட்டுத் துரத்தியும் தூதன் அகப்படவில்லை.

சிரிப்பூட்டும் இச்செய்திக்குப் பின்னே ஆழ்ந்த துயரம் உண்டு. உடன்பிறந்தோரிடையே குருதி சிந்திய பூசல்களுக்குப் பின், 1400இல் தம்பிக்கு அரியணையை விட்டுக்கொடுத்தவர் அத்தமையன். பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு பொதி பனி அவ்விருவரையும் மீண்டும் விளையாட்டுப் பிள்ளைகளாக்கிற்று. மறு ஆண்டே, 1419இல், தமையன் மறைந்தார்.

இன்றைய சியோலில் சோங்வொல்தோங் வானிலை நிலையத்தார் கண்ணாற் கண்டாலன்றி முதற்பனி ஏட்டில் ஏறாது. நகரின் வேறு மூலையில் பனி பொழிந்தாலும் அது கணக்கில் வாராது. காதலர் கணக்கோ வேறு. முதற்பனி நாளில் சந்திப்பதாக வாக்களித்தோர் ஏட்டைப் பார்த்துப் புறப்படுவதில்லை. கோடையில் காசித்தும்பைப் பூவை அரைத்து நகத்தில் இட்ட சிவப்பு, முதற்பனி வரை எஞ்சினால் முதற்காதல் கைகூடும் என்பது கன்னியர் நம்பிக்கை. நகம் வளர வளரச் சிவப்பு தேய்கின்றது, வானமோ தாழ்த்துகின்றது. கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்குப் பொழுதாக வகுத்த தமிழ் மரபினர்க்கு இத்தவிப்பை விளக்கவேண்டியதில்லை.

பனி அழகு மட்டுமன்று. 2024 நவம்பர் 27ஆம் நாள் சியோலில் வீழ்ந்த முதற்பனி மறுநாட்காலையில் 28 செ.மீ.க்கு மேல் குவிந்தது. 1907இல் பதிவு தொடங்கிய பின் நவம்பர் மாதத்தில் அவ்வளவு பனி அந்நகர் கண்டதில்லை. மரக்கிளைகள் முறிந்தன, சுற்றுப்புற ஊர்களில் கூரைகள் சரிந்தன, உயிர்களும் போயின. அதே காலையில் பனிப்பொம்மை செய்த சிறுவரும் இருந்தனர். நடைபாதையைப் பெருக்கிய முதியோரும் இருந்தனர். தத்தம் கட்டடத்தின் முன் படிந்த பனியைத் தாமே அகற்றவேண்டும் என்பது அந்நகர விதி. வழுக்கி விழுவோர் பெரும்பாலும் அயலார் என்பதை அவ்விதி மறக்கவில்லை.

பனியைப் பாடும் கவிஞன் இவ்விரண்டையும் காணவேண்டும். பனியைப் பொதிந்து அனுப்பிய கையும் அடுத்தவர் நடக்க வழிசெய்யும் துடைப்பமும் ஒரே அன்பின் இரு செயல்கள். கண்ணுக்கும் பனிக்கும் ஒரே சொல்லை வழங்கிய மக்களிடம் கற்கத்தக்க பாடம் அதுவே.